கால் குறைத்த கட்டில்

மதியம் ஒன்று இருபதுக்கு மழை நின்றது. ஷாந்தினி காரைவிட்டு இறங்கி, கீழ்வீட்டின் கம்பிக்கதவைத் தட்டினாள்.

உள்ளே இருமல் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். அப்பா நாகமுத்து பூட்டைத் திறக்க நேரமானது. இளைத்திருந்தார். சட்டைக்குள் தோள் எலும்பு தனியாகத் தெரிந்தது.

"மழையிலயா வந்தே?"

"பாகோ தாண்டுனதுலேருந்து வழியெல்லாம் மழைதான். சாப்பிட்டீங்களா பா?"

"காலையில ரொட்டி சானாய்."

"இப்ப மணி என்ன?"

"அதான், காலையில சாப்பிட்டேன்னு சொல்றேன்லா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தரை பாதத்தில் ஒட்டியது. புக்கிட் பெருவாங்கின் அந்த அடுக்குமாடியில் கீழ்வீடுகள் எல்லாமே அப்படித்தான். மழைக்காலத்தில் சிமெந்து வேர்க்கும். சுவர்கள் முழங்கால் உயரம்வரை கறுத்திருந்தன. அலமாரியில் மடித்து வைத்த துணியை எடுத்தால், நேற்றுத் துவைத்ததுபோல் இருக்கும்.

போன மாதம் அப்பாவை இரண்டாவது முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நுரையீரலில் நீர். டாக்டர் ஷாந்தினியைத் தனியாக அழைத்துப் பேசினார். ஈரத் தரையில் படுப்பதை நிறுத்த வேண்டும். மூன்றாவது முறை வந்தால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். அவள் அதை அப்பாவிடம் அப்படியே சொன்னாள். அவர் "சரிம்மா" என்றார். நேற்று மேல்வீட்டுப் பெண் அழைத்து, அங்கிள் இன்னும் தரையில்தான் படுக்கிறார், இருமல் மேல்வரைக்கும் கேட்கிறது என்றாள். ஷாந்தினி ஜொகூர் பாருவில் வேலை செய்கிறாள். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அறைச் சன்னல் மூடியிருந்தது. திறக்கப் போனாள்.

"சுத்திப் போ," என்றார் அப்பா பின்னாலிருந்து.

சுற்றிப் போனாள். சன்னலைத் திறந்து திரும்பியபோதுதான், எதைச் சுற்றிப் போனோம் என்று பார்த்தாள். அப்பாவின் பாய் சுவரோரம் கிடந்தது. அவள் பாயைச் சுற்றவில்லை. அறையின் நடுவில் வெறும் தரை. அதைத்தான் சுற்றியிருந்தாள். மேசை விசிறியும் அந்தப் பக்கம் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அது அம்மா இறந்த இடம்.

அம்மா விஜயராணி, வலது கையும் காலும் விழுந்துபோய், அந்த அறையில் ஓர் இரும்புக் கட்டிலில் சில வருடங்கள் கிடந்தாள். போன ஆண்டு தீபாவளிக்கு முன்பு சாப்பாட்டை நிறுத்தினாள். பக்கத்து ஊரான லூபோக் சீனாவிலிருந்து அப்பாவின் அக்கா காளியம்மா வந்தாள். அம்மாவின் நகங்களைப் பார்த்தாள். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னிக்குத் தாண்டாது. எறக்கிடுங்க," என்றாள்.

கட்டிலில் உயிர் போகக்கூடாது. போனால் கட்டிலோடு நின்றுவிடும். யாரும் அதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாகமுத்து தோள்களைப் பிடித்தார். ஷாந்தினி கால்களைப் பிடித்தாள். தரையில் பாய் விரித்து, தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். காளியம்மா தலைமாட்டில் விளக்கேற்றினாள்.

சாயங்காலம் அம்மா கண்ணைத் திறந்தாள்.

பால் கொடுத்தார்கள். குடித்தாள். எதற்கு இங்கே விளக்கு எரிகிறது என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. விளக்கையும் யாரும் அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேல போடுங்க," என்றாள்.

காளியம்மா வாசற்படியில் நின்றாள். எறக்குனவங்கள ஏத்தக்கூடாது என்றாள். அது சாவை மறுபடி கூப்பிட்டு வைக்கிற மாதிரி.

மறுநாளும் அம்மா கேட்டாள். குளிர்கிறது என்றாள். கட்டில் பக்கத்திலேயே இருந்தது. புது விரிப்புப் போட்டிருந்தது. அம்மா இடது கையை நீட்டினால் அதன் காலைத் தொடலாம். தொட்டாள். நாகமுத்து ஷாந்தினியைப் பார்த்தார். ஷாந்தினி அத்தையைப் பார்த்தாள். அதற்கு மறுநாள் விடிகாலையில் அம்மா போனாள். கட்டிலின் காலை யாரோ அவள் விரல்களிலிருந்து விடுவித்தார்கள். யார் என்று ஷாந்தினிக்கு நினைவில்லை.

பதினாறு முடிந்ததும் நாகமுத்து அந்தக் கட்டிலைத் தனியாக வெளியே இழுத்துப் போட்டார். அடியில் துருப்பிடித்திருந்தது. வாசலைத் தாண்டும்போதே ஒரு கால் உடைந்தது. குப்பை லாரி எடுத்துப் போனது. அன்றிலிருந்து அவர் தரையில் படுக்கிறார்.

"கட்டில் வாங்கப் போறோம்," என்றாள் ஷாந்தினி. "இன்னிக்கே."

மறுப்பார் என்று நினைத்தாள். காரில் வரும்போது அதற்கான பதில்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள்.

"நானும் அதான் நினைச்சேன்," என்றார். "இரு, சட்டை மாத்திக்கிறேன்."

*

கடை மலாக்கா டவுனுக்குப் போகும் சாலையில் இருந்தது. முன்னால் சோபாக்கள். பின்னால் கட்டில்கள், மெத்தை இல்லாமல், எலும்புகளாக. விற்பனைக்கு நின்றவன் பெயர் ஷங்கர். காதில் பென்சில் செருகியிருந்தான்.

"வாங்க அங்கிள். வாங்கக்கா. யாருக்கு?"

"அப்பாவுக்கு," என்றாள் ஷாந்தினி.

நாகமுத்து கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஏரியா?"

"புக்கிட் பெருவாங். ஃப்ளாட். கீழ்வீடு."

ஷங்கர் முகத்தைச் சுளித்தான். "கீழ்வீடா? அப்ப முதல்ல எதை வாங்கக்கூடாதுன்னு சொல்லிடறேன்." துணி போர்த்திய பெட்டிக் கட்டில் ஒன்றைத் தட்டினான். "இது பாக்க ராஜா மாதிரி இருக்கும். அடியில காத்தே போகாது. ஒரு மழைக்காலம் போதும், உள்ள காளான் முளைச்சிரும். பறிச்சு சமைக்கலாம்."

"இது?"

"தூள் பலகை. ஈரம் பட்டா தே ஓ டீயில முக்குன பிஸ்கட்."

"இரும்பு?"

"வெல்டிங் போட்ட எடத்துல எல்லாம் துரு வரும். பெயின்ட் மேல அழகா இருக்கும். உள்ள தின்னுகிட்டே இருக்கும்."

"இரும்பு வேணாம்," என்றார் நாகமுத்து.

"அங்கிளுக்கு அனுபவம் இருக்கு போல."

"இருக்கு."

"அப்ப நீ எதைத்தான்பா விக்கிற?" என்று கேட்டாள் ஷாந்தினி.

ஷங்கர் சிரித்தான். கடைசி வரிசைக்கு அழைத்துப் போனான். வெளிர் நிறத்தில் ஒரு மரக்கட்டில். பலகைகளுக்கு நடுவே மூன்று விரல் போகும் இடைவெளி.

"ரப்பர் கட்டை. மருந்து ஏத்துனது. பூச்சி அரிக்காது. பலகைக்கு நடுவுல காத்து போகும், மெத்தை நாறாது. ஆணி கிடையாது, எல்லாம் மரையாணி. ஆடுனா முறுக்கிக்கலாம். நம்ம ஆளுங்க தலைமுறையா பால் வெட்டுன மரம் அங்கிள். இப்ப அதுமேலயே படுத்துத் தூங்கலாம்."

"வெட்டுனவங்க தூங்கலியே," என்றார் நாகமுத்து.

ஷங்கருக்கு அது பிடித்துப்போனது. "அங்கிள் ஸ்டைல்லா," என்றான். "ரெண்டு பேரா? குவீன் சைஸ் காட்டவா?"

ஷாந்தினி அப்பாவைப் பார்த்தாள். இதற்கும் அவள் பேச்சைத் தயார் செய்திருந்தாள். அறை சின்னது. சுவரில் ஒட்டினால் மெத்தையில் பூஞ்சை பூக்கும். நாலு பக்கமும் இடம் விட வேண்டும். உங்களுக்கு எதற்கு அகலம்?

"ஓராள் கட்டில் போதும்," என்றார் அவர்.

"சூப்பர் சிங்கிள்," என்றான் ஷங்கர். "சிங்கிள்ன்னா திரும்பிப் படுக்கும்போது விழுந்துருவீங்க."

"அது போதும்."

இவ்வளவு எளிதாக முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்ததுபோல் இருந்தது. மெத்தை பார்க்க முன்னால் போனாள். ஒன்றை அழுத்திப் பார்த்தாள். இன்னொன்றை அழுத்தினாள்.

"அங்கிள்! விழுந்துட்டீங்களா?"

திரும்பினாள். அப்பா ரப்பர் கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டியிருந்தார். ஷங்கர் தூக்கப் போனான். அவர் தலையை ஆட்டி அவனைத் தடுத்தார்.

ஒரு கையை உயர்த்திக் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். உடம்பை மேலே இழுத்தார். இடுப்பு எழும்பவில்லை. மூச்சு வாங்கியது. மறுபடி முயன்றார். பாதி உயரம் போய்ச் சரிந்தார்.

"ஒசரம்," என்றார்.

"கட்டில்ன்னா அப்படித்தான் அங்கிள் இருக்கும். நீங்க ஏன் தரையிலேருந்து ஏறுறீங்க? நின்னுகிட்டு உக்காருங்க. ஈசி."

"இன்னும் கீழ இருக்கிறது வேணும்."

"கீழ்வீட்டுக்கு ஒசரம்தான் அங்கிள் நல்லது. அடியில தொடைக்கலாம். காத்து ஓடும். தரையோட கட்டில் போட்டா, தரையில படுக்கிறதும் அதுவும் ஒண்ணுதான்."

நாகமுத்து கேட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த வேறொரு கட்டிலுக்கு நகர்ந்தார். எழுந்து போகவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்தார். மறுபடி அதே கையால் சட்டத்தைப் பிடித்தார்.

இடது கை.

வலது கை மடியில் கிடந்தது. அது அவருடையது இல்லை என்பதுபோல் விட்டிருந்தார். வலது காலும் அப்படித்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வலது கையால் கியரை... இல்லை, கியர் இடது கை. ஷாந்தினி அதையே யோசித்துக்கொண்டு நின்றாள். கியர் இடது கைதான். அதனால் இடது கையில் பலம் அதிகம் இருக்கலாம். அதனால்தான் இருக்கும்.

அவர் மறுபடி சரிந்தார். விழும்போது வலது கையை ஊன்றவில்லை.

அவள் அருகே போய்க் குந்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பா. உங்களுக்கு வலது கை நல்லாத்தானே இருக்கு."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவள் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னால் அவள் கூடாது என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டிலும் இல்லாமல் போகும். அவர் அதை யாருக்காக வாங்குகிறார் என்பது முக்கியமில்லை என்று நினைத்துக்கொண்டாள். வாங்கினால் படுப்பார். படுத்தால் பிழைப்பார்.

"கட்டில் வந்தா தரையை விட்டுருவீங்கல்ல?"

"கட்டில் வந்தா எல்லாம் சரியாயிரும்."

அவள் ஷங்கரைப் பார்த்து எழுந்தாள். "இந்த ரப்பர் கட்டில்தான். காலை வெட்ட முடியுமா?"

"புதுக் கட்டிலையா?"

"ஆமா."

"போலே, முடியும். எல்லாம் போலே. ஆனா யாரும் கேட்டதில்லக்கா. நீளமா வேணும்னு கேப்பாங்க. அகலமா கேப்பாங்க. காலை வெட்டச் சொன்னது நீங்கதான் மொத ஆளு." அவன் நாகமுத்துவிடம் திரும்பினான். "எவ்ளோ அங்கிள்?"

நாகமுத்து கையை விரித்துக் கட்டைவிரலைத் தரையில் வைத்தார். சுண்டுவிரல் மேலே நின்ற இடத்தை மற்றக் கையால் காட்டினார்.

"ஒரு சாண்."

"அதுக்கு மேல மெத்தை வேற வருமே."

"மெல்லிசா ஒண்ணு கொடு. ரெண்டும் சேத்து முழங்கால் தாண்டக்கூடாது."

"பூனை கூட அடியில போக முடியாது. பூஞ்சை வந்தா என்னைத் திட்டக்கூடாது."

"திட்ட மாட்டோம்," என்றாள் ஷாந்தினி.

ஷங்கர் பென்சிலை எடுத்துக் காலில் கோடு போட்டான். "வெட்டுன முனைதான் அங்கிள் தண்ணி குடிக்கும். மரத்துக்கு அதுதான் வாய். மெழுகு வச்சு அடைச்சு, பெயின்ட் ரெண்டு கை அடிச்சு, ரப்பர் செருப்பு மாட்டித் தர்றேன். தரை ஈரம் மேல ஏறாது."

"மேல ஏறணும்," என்றார் நாகமுத்து.

"ஈரமா?"

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

*

கடைக்குப் பின்னால் மரம் அறுக்கும் சத்தம் வந்தது. ஷாந்தினி கார் நிறுத்துமிடத்துக்கு வந்து அத்தையை அழைத்தாள். எதற்கு அழைக்கிறோம் என்று எண்களை அழுத்தும்போது தெரியவில்லை.

"வருஷம் திரும்பலியே, அதுக்குள்ள புதுக் கட்டிலா?" என்றாள் காளியம்மா. "யாரைக் கேட்டு வாங்குறீங்க?"

"டாக்டரைக் கேட்டு."

"வாயாடி. அவன் எப்படி இருக்கான்?"

"இருமல். அத்தை, அம்மாவை எறக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் குறைந்தது.

"கட்டில்லயே நின்னுருப்பா."

"இப்ப தரையில நிக்கிறாங்க."

"என்னடி பேச்சு இது? அவனுக்குத்தான் வயசாச்சு. உனக்கு என்னா வந்துச்சு?"

"நான் இன்னிக்கு சுத்திப் போனேன் அத்தை. அப்பா சொல்லித்தான் போனேன். ஆனா திரும்பி வரும்போது அவர் சொல்லல. அப்பவும் சுத்தித்தான் வந்தேன்."

அறுக்கும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"நல்லதுக்குத்தான்டி சொன்னேன்," என்றாள் காளியம்மா. "எல்லாரும் செய்யறதுதானே."

"தெரியும் அத்தை."

"பாலைக் குடிச்சப்பவே ஏத்தியிருக்கலாம். எனக்கே தோணுச்சு. சொல்ல வாய் வரல."

ஷாந்தினி போனைக் காதிலிருந்து எடுத்தாள். பேசிக்கொண்டே இருக்கும்போது துண்டித்தாளா, பேசி முடிந்த பிறகா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

ஐந்து மணிக்கு லாரி வந்தது. ஷங்கரே கூட வந்திருந்தான். துண்டுகளை உள்ளே கொண்டுபோய் மரையாணிகளை முறுக்கினான். காலை வெட்டிய கட்டில் சின்னப் பிள்ளைகளின் கட்டில்போல் இருந்தது.

"எங்க போடணும்?"

நாகமுத்து காட்டினார். நடுவில் அல்ல. நடுவிலிருந்த வெறும் தரைக்கு அடுத்து, சன்னல் பக்கம்.

"நடுவுல போட்டா நாலு பக்கமும் காத்து வரும் அங்கிள்."

"அந்த எடத்து மேல வேணாம். பக்கத்துல போடு. தெற்கே தலை."

ஷங்கர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு நேராக வந்தான்.

"தம்பி, சுத்தி வா."

அவன் மெத்தைக்கு மேலாக எட்டித் தரையைப் பார்த்தான். ஒன்றுமில்லை. நாகமுத்துவைப் பார்த்தான். பிறகு சுற்றி வந்து மெத்தையைப் போட்டான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, ஷாந்தினியிடம் மட்டும் கேட்கும்படி, "அக்கா, சுவத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு கை எடம் விட்டிருக்கேன். அதை அடைச்சிராதீங்க," என்றான். வேறு எதையோ கேட்க வந்து இதைச் சொன்னவன்போல் இருந்தது.

அவள் விரிப்பை இழுத்துப் போட்டாள். தலையணைக்கு உறை மாட்டினாள். சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள்.

நாகமுத்து குளித்தார். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. ஷாந்தினி குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தாள். அப்படியும் கேட்டது.

"இடது கையை ஊணு."

அவர் குரல்தான். அவசரமில்லாத குரல். குறுகிய லோரோங் சந்தில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது யாராவது வழிகாட்டினால், அப்படித்தான் காட்டுவார்கள்.

"அவ்ளோதான். இன்னும் கொஞ்சம். வலது காலை விடு, அது தானா வரும். மெதுவா. மெதுவா ராணி."

ஷாந்தினி குழாயை மூடினாள். ஏன் மூடினோம் என்று பயந்தாள். மறுபடி திறக்கக் கை போகவில்லை.

அறையில் மரம் ஒருமுறை முனகியது. புது மரம் முனகும். ஷங்கர் சொல்லியிருந்தான், மரையாணிகள் இடம் பிடிக்கும்வரை சத்தம் வரும் என்று. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

நாகமுத்து வெளியே வந்தார்.

"பசிக்குது," என்றார்.

இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார். கெளுத்திக் கருவாட்டைக் கையால் பிய்த்துத் தின்றார். இருமவில்லை. ஷங்கர் காதில் பென்சிலை வைத்துக்கொண்டே பென்சிலைத் தேடினானே, பார்த்தியா என்று கேட்டுச் சிரித்தார். ஷாந்தினியும் சிரித்தாள். அப்பா சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கேட்டது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று நினைத்தாள். டாக்டருக்கு நாளைக்கு அழைத்துச் சொல்லலாம். காலையில் ஜொகூருக்குக் கிளம்பலாம். வாரம் ஒருமுறை வரலாம்.

அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது வெளியே இருட்டியிருந்தது. அறையில் விளக்கு எரிந்தது.

நாகமுத்து சுவரோரமிருந்த பாயை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். நடுவிலிருந்த வெறும் தரையில் அதை விரித்தார். இப்போது சுற்றிப் போகவில்லை. அதன் மேல் நடந்தார். மண்டியிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தார். தெற்கே தலை.

"என்னப்பா செய்றீங்க?"

"படுக்கிறேன்."

"கட்டில் இருக்கு."

"அதுல எப்படிப் படுக்கிறது?" என்றார். அவள் கேட்டதுதான் வினோதம் என்பதுபோல் பார்த்தார். "ஓராள் கட்டில்தானே."

அவள் கட்டிலைப் பார்த்தாள். விரிப்பு அவள் இழுத்துவிட்டபடியே இருந்தது. தலையணை நடுவில் இருந்தது. அவள் அதை ஓரமாகத்தான் வைத்திருந்தாள்.

"நீங்க கட்டிலுக்கு வர்றேன்னு சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

அவர் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் சொன்னார். அவருக்குச் சரியாகிவிட்டது. முகத்தில் தெரிந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"தரை ஈரம்பா. தொட்டுப் பாருங்க. பாய் ஊறுது."

"அவ கெடந்த எடம்தானே. இத்தனை நாள் ஓரமா படுத்தேன், எடமில்ல. இப்ப காலியாயிருச்சு."

அவள் குனிந்து அவர் தோள்களுக்கு அடியில் கை கொடுத்தாள். கனமில்லாத மனிதர். தூக்கிவிடலாம் என்று நினைத்தாள். அவர் உடம்பைத் தளர்த்திக்கொண்டார். எதிர்க்கவில்லை. தளர்ந்த உடம்பு கைகளுக்குள் நழுவி மறுபடி பாய்க்கே போனது. அந்தக் கனத்தை அவள் கைகளுக்குத் தெரியும். கால்களைப் பிடித்திருந்த கைகள்.

"ஒருத்தரால முடியாதும்மா," என்றார் அவர். "ரெண்டு பேர் வேணும். விடு."

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கியது. அடியிலிருந்து வந்தது, ஈரமாக. முடியும்வரை அவள் நின்றாள். அது முடியவில்லை. இடைவெளி விட்டது, அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவளிடம் அப்பா மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார். ஷாந்தினி பேசியதில்லை. சாவு வீட்டிலும் பேசவில்லை. மற்றவர்கள் அம்மா அம்மா என்று கதறச் சொன்னார்கள். அவளுக்கு வாய் திறக்கவில்லை. மேல போடுங்க என்று சொன்ன இரண்டு நாளும் அவள் பதில் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு எதைப் பேசினாலும் அது அதற்கான பதிலாக இருக்காது.

அப்பா மறுபடி இருமினார். உடம்பு மடங்கி நிமிர்ந்தது.

ஷாந்தினி அவரைச் சுற்றிப் போனாள். கட்டிலுக்கு அருகே முழங்காலிட்டாள். கட்டில் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் அவள் முகமும் தலையணையும் ஒரே உயரத்தில் இருந்தன. விளிம்பில் கையை வைத்தாள். விரிப்பு குளிர்ந்திருந்தது. தலையணையைப் பார்க்காமல், அதற்கு அப்பால் சுவரைப் பார்த்தாள். பிறகு தலையணையையே பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "கொஞ்சம் சுவரோரமா தள்ளிப் படும்மா. அப்பா மேல வரட்டும்."